பதக்கத்துக்குப் பணம் இருக்கிறது, ஊர் மைதானத்துக்குத்தான் ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது, 2036 ஒலிம்பிக்கையும் இந்தியாவிலேயே நடத்த விருப்பக் கடிதம் போயிருக்கிறது என்று விளையாட்டுப் பக்கங்களில் நிறைய எழுதுகிறார்கள். நல்ல செய்திதான், சந்தோஷம். ஆனால் அதையொட்டி நடக்கிற பேச்சு முழுக்க எந்த ஸ்டேடியம், எத்தனை கோடி, எத்தனை பதக்கம் என்றே போகிறது. நாட்டில் விளையாட்டை வளர்க்கிற பொறுப்பு ஓர் அரசாங்கத்துக்கு இருக்கிறதென்றால் அதில் சரிபாதி, பதக்கம் வாங்கவே போகாத கோடிக்கணக்கான பேருக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியாட இடமும், கூட நின்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் தருவதுதான். அந்தப் பாதியை ஒன்றிய அரசு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுவிட்டது. கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2014 செப்டம்பரில் ஒன்றிய அரசு ஆரம்பித்த டாப்ஸ் (ஒலிம்பிக் பதக்க இலக்கு) திட்டம் உண்மையிலேயே பலன் தந்த திட்டம். ஒலிம்பிக் பதக்க வாய்ப்பு இருக்கிறவர்களைத் தேர்ந்தெடுத்து, வெளிநாட்டுப் பயிற்சி, பயிற்சியாளர், பிசியோ எல்லாவற்றுக்கும் செலவு செய்து, கைச்செலவுக்கு மாதம் 50,000 ரூபாயும் கொடுக்கிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தயார் செய்ய மட்டும் சுமார் 470 கோடி ரூபாய் செலவானது. 117 பேர் போய் 6 பதக்கம் வந்தது, அடுத்து நடந்த பாராலிம்பிக்கில் 29. அதற்குக் கீழ்மட்டத்தில், ஒன்றிய அரசின் விளையாட்டு வளர்ச்சித் திட்டமான கேலோ இந்தியாவில் தேர்வாகிற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் எட்டு ஆண்டு வரை பயிற்சி உதவி உண்டு, அது போக மாதம் 10,000 கைச்செலவுக்கு. அப்புறம் ரயில்வே, ராணுவம் எல்லாம் விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுப்பது இதையெல்லாம் விடப் பழைய உதவி. பாரிஸில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்தான். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையனை ஹாக்கிக்கு அனுப்புங்கள் என்று வீட்டில் போய்க் கேட்டால் அப்பா அம்மா கேட்கிற முதல் கேள்வியே, "ரயில்வேயில வேலை கிடைக்குமா சார்?" என்பதுதான். அவர்கள் கேட்பது நியாயம். இந்தச் செலவு எதையும் நான் குறை சொல்ல மாட்டேன், இன்னும் கூடச் செய்யட்டும்.

என் கேள்வி, அந்தப் பட்டியலில் பெயர் வருவதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றியது. அந்தக் காலத்தில் பிள்ளையைக் கண்டுபிடிப்பது யார்? மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர், ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்கம் வாங்கியவர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகிற வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய அந்தப் பிள்ளையை உயரம் தாண்டிப் பார் என்று சொன்னவர் அவர் படித்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். தேசிய பயிற்சியாளர், ஊக்கத்தொகை, கவனிப்பு எல்லாம் பிறகு வந்தவை. அன்றைக்கு அந்தப் பள்ளியில் அந்தப் பணியிடம் காலியாக இருந்திருந்தால்? இப்படிக் காலியாகவோ, ஐந்நூறு அறுநூறு பிள்ளைகளுக்கு ஒரே ஆள் என்றோ இருக்கிற பள்ளிகளை நம் எல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரோ அறிவியல் வாத்தியாரோ எடுத்துக்கொள்வதும் தெரியும்.

இதில் எனக்கு ரொம்ப வருத்தமாக இருப்பது, இதெல்லாம் தெரியாமல் நடக்கவில்லை என்பது. 2017 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை கேலோ இந்தியாவை மாற்றியமைத்து மூன்று ஆண்டுக்கு 1,756 கோடி ஒதுக்கியபோது அதில் பன்னிரண்டு பிரிவுகள் இருந்தன. விளையாட்டு மைதானங்களை மேம்படுத்துவது தனிப் பிரிவாக இருந்தது, ஊர் அளவில் பயிற்றுநர்களை உருவாக்குவதும் தனிப் பிரிவாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் உடல்தகுதி, பெண்களுக்கான விளையாட்டு, கிராமிய, பழங்குடி விளையாட்டு எல்லாமே தனித்தனியாக இருந்தன. அதைப் படித்தபோது, பரவாயில்லையே, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். 2021-22 முதல் 2025-26 வரைக்கான அடுத்த கட்டத்தில் தொகையை ஏறத்தாழ 3,165 கோடியாக உயர்த்தினார்கள், ஆனால் பன்னிரண்டு பிரிவை ஐந்தாகச் சுருக்கிவிட்டார்கள். கட்டுமானம், போட்டிகளும் திறன் வளர்ப்பும், மையங்களும் அகாடமிகளும், ஃபிட் இந்தியா, எல்லோரையும் உள்ளடக்குவது என்று ஐந்து. மைதானம் கட்டுமானத்துக்குள் கரைந்துவிட்டது. ஊர்ப் பயிற்றுநர் என்ற தலைப்பே காணாமல் போனது. கட்டுமானம் என்று பொதுவாகப் போட்டுவிட்டால் பணம் எதற்குப் போகும்? சிந்தடிக் டிராக், உள்விளையாட்டரங்கம், நீச்சல் குளம் என்று திறப்பு விழா நடத்தக்கூடிய வேலைகளுக்குத்தான் போகும். அதுவும் எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவில் போகவில்லை. நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி கேலோ இந்தியா கட்டமைப்புக்கென குஜராத்துக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் தலா 400 கோடிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் பத்தில் ஒரு பங்கு கூட தமிழ்நாட்டுக்கு வரவில்லை. இது பெரிய அநியாயம், தனியாகவே பேச வேண்டியது. ஆனால் இந்தத் தொகை நாளைக்கே சமமாகப் பிரிந்து வந்தாலும் என் கவலை தீராது, ஏனென்றால் அதில் ஊர்ப் பயிற்றுநருக்கு ஒரு ரூபாய் கூடத் தனியாக இருக்காது.

இதற்கு முன்னால் ஒரு திட்டம் இருந்தது, இன்றைக்குப் பல பேருக்கு அதன் பெயர் கூட ஞாபகம் இருக்காது. 2008-09இல் பைக்கா என்று கிராமப்புற விளையாட்டுக்கான ஒரு திட்டத்தை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. பத்து ஆண்டுக்குள் நாட்டிலுள்ள எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் மைதானம், அதற்கு ஒருமுறை மானியமாக 1 லட்சம் ரூபாய், ஊருக்கு ஒரு விளையாட்டுத் தன்னார்வலர் என்பது யோசனை. அந்தத் தன்னார்வலருக்கு மதிப்பூதியம் மாதம் 500 ரூபாய். ஐந்நூறு ரூபாய்க்கு யார் தினமும் வந்து நிற்பார்கள்? அங்கேதான் திட்டம் படுத்தது. ஆனால் யோசனை சரியானது. ஊதியத்தை உயர்த்தி, நல்ல ஆளாகப் போட்டு நடத்தியிருக்க வேண்டிய திட்டத்தை 2014இல் பெயர் மாற்றினார்கள், அப்புறம் கேலோ இந்தியாவோடு சேர்த்தார்கள், கடைசியில் ஊராட்சி என்ற இலக்கே போய்விட்டது.

பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தாலும் இதே கதைதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் இருக்கிறது. 2012இல் தமிழ்நாட்டில் ஒன்றிய அரசின் கல்வித் திட்டத்தில் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. பன்னிரண்டு ஆண்டு கழித்து 2024இல் அது 12,500 ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத ஆண்டே இல்லை. இப்போது சமக்ர சிக்ஷா என்று நடக்கிற அந்தக் கல்வித் திட்டத்திலேயே விளையாட்டுப் பொருள் வாங்க தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை என்று மானியம் உண்டு. சுமாரான ஹாக்கி மட்டை நாலைந்து வாங்கினால் நடுநிலைப் பள்ளியின் மானியம் தீர்ந்துவிடும், மற்ற விளையாட்டுக்கு என்ன செய்வது? அந்தச் சொற்பத் தொகையையும் நம்பியிருக்க முடியவில்லை. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25இல் இந்தக் கல்வித் திட்டத்தில் நமக்கு வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்திவைத்தார்கள். அரசியல் சண்டை யாருக்கும் யாருக்கும் இடையிலோ இருக்கட்டும், அதனால் பந்து இல்லாமல் நின்றது எங்கள் பிள்ளைகள்.

பிள்ளைகளைத் தாண்டி ஊர்ப் பெரியவர்களையும் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு பைபாஸ் ரோட்டு ஓரமாக லாரிகளுக்கு நடுவே நடைப்பயிற்சி போகிற பெண்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நடக்க வேறு இடம் இல்லை. அதே ஊரில் அரசுப் பள்ளி மைதானம் சாயங்காலம் ஐந்தரைக்குப் பூட்டினால் மறுநாள் காலை வரை பூட்டியே கிடக்கும். தலைமை ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, பாட்டில் உடைந்து கிடந்தாலும் விளக்கு உடைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே. பையன்கள் காசு சேர்த்து தனியார் டர்ஃபுக்கு (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) போகிறார்கள், மணிக்கு எண்ணூறு ஆயிரம் என்று வாங்குகிறார்கள். பத்துப் பேர் பங்கு போட்டால் சமாளிக்கலாம், ஆனால் தினக்கூலி வீட்டுப் பையன் அந்தப் பங்கைக் கூடத் தர முடியாமல் நின்றுவிடுகிறான். பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. குறுவட்டப் போட்டியில் முதலாவதாக ஓடி வந்த பெண் ஒன்பதாம் வகுப்போடு ஓட்டத்தை விட்டுவிடுவதற்கு, சாயங்காலம் அவளைப் பாதுகாப்பாக ஓடவிட்டு வீட்டுக்கு அனுப்பிவைக்க ஒரு ஆள் இல்லாததுதான் பல நேரம் காரணம்.

விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது, டெல்லியை ஏன் கேட்கிறீர்கள் என்று சிலர் சொல்வார்கள். மாநிலத்தையும் கேட்கத்தான் வேண்டும். தமிழ்நாடு அரசு பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் கொடுத்தது பாராட்ட வேண்டியது, ஆனால் அந்தப் பை பிரிக்காமல் பூட்டிக் கிடக்கிற ஊர்களையும் பார்த்திருக்கிறேன். காரணம் அதேதான், எடுத்து வைத்து ஆட்டம் நடத்த ஆள் இல்லை. ஆனால் கேலோ இந்தியா என்று தேசம் முழுக்கத் திட்டம் போட்டு, கேலோ பாரத் நீதி 2025 என்று கொள்கையும் வெளியிட்டு, அதன் தூண்களில் ஒன்றாக விளையாட்டை மக்கள் இயக்கமாக்குவோம் என்றும் எழுதிய பிறகு, இது எங்கள் வேலை இல்லை என்று ஒன்றிய அரசு ஒதுங்க முடியாது. பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025-26இல் விளையாட்டு, இளைஞர் நல அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 3,794 கோடி, ஒன்றிய பட்ஜெட்டில் நூறு ரூபாய்க்கு எட்டுக் காசு கூட வராது. இன்னும் சில காசு கூட்டினால் யார் தலையும் உருண்டுவிடாது.

எங்கள் கோவில்பட்டியில் ஹாக்கி ஏன் இவ்வளவு வளர்ந்தது என்று பார்த்தாலே விஷயம் விளங்கும். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர், கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து வந்து இங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகியவர். செயற்கைத் தளம் வந்தது பிற்பாடு. அதற்கு முன்னால் பல தலைமுறையாக மண் தரையில், பணம் எதிர்பார்க்காமல் தினமும் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற மனிதர்கள்தான் இந்த ஊரில் ஹாக்கியை வைத்திருந்தார்கள். அந்த மனிதர்கள் எல்லா ஊரிலும் தானாகக் கிடைக்க மாட்டார்கள், அதனால்தான் அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும் என்கிறேன். உடற்கல்விப் பட்டம் முடித்துவிட்டு வேலை இல்லாமல் ஜிம்மிலும் செக்யூரிட்டி வேலையிலும் இருக்கிற பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். நாலைந்து ஊராட்சிக்கு ஒருவர் என்று அவர்களைப் போட்டு, ஒரு குடும்பம் பிழைக்கிற அளவுக்கு ஊதியம் கொடுத்து, பள்ளி மைதானத்தின் சாவியை சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை அவர்கள் பொறுப்பில் விட்டால் போதும். பிள்ளைகளுக்கு ஆட்டம், பெண்களுக்கு நடைபாதை, முதியவர்களுக்கு உட்கார்ந்து பேச இடம் எல்லாம் அதே கிரவுண்டில் நடக்கும், விளக்குக்கும் தண்ணீருக்கும் மட்டும் ஊராட்சி செலவு செய்தால் சரி.

பெரிய ஸ்டேடியங்களின் கதி நமக்குத் தெரியாததா? 1982 ஆசியப் போட்டிக்குக் கட்டி, 2010 காமன்வெல்த்துக்காகப் பல நூறு கோடியில் புதுப்பித்த டெல்லி நேரு ஸ்டேடியத்தை இடித்துவிட்டு விளையாட்டு நகரம் அமைக்கப் போவதாக 2025 நவம்பரில் செய்தி வந்தது. 2030க்காக அகமதாபாத்தில் செய்யப் போகிற செலவோடு கூடவே, கேலோ இந்தியாவின் அடுத்த ஐந்தாண்டில் மைதானத்துக்கும் ஊர்ப் பயிற்றுநருக்கும் 2017இல் இருந்தது போலத் தனித் தலைப்பும் தனித் தொகையும் வேண்டும், அந்தத் தொகையை வேறு கட்டடத்துக்கு மாற்றக் கூடாது. தமிழ்நாட்டு எம்.பி.க்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: கேலோ இந்தியா பணத்தில் கட்டியவற்றில் கட்டணம் இல்லாமல் பொதுமக்களுக்குத் தினமும் திறந்திருப்பவை எத்தனை, அவற்றில் முழுநேரப் பயிற்றுநர் இருப்பவை எத்தனை? மாவட்டவாரியாகப் பதில் வாங்கி வெளியிடுங்கள். உங்கள் நாளிதழும் தன் நிருபர்களை அனுப்பி அந்தப் பட்டியலைச் சரிபார்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி