தடைக்காலத்தில் கையில் ஒரு நாவல்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கிழிந்த வலையைச் சரிசெய்கிற நேரம் போக, பாம்பன் கரையில் உட்கார்ந்து ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' படித்துக்கொண்டிருக்கிறேன். பாதி தாண்டியாயிற்று. கடல்தொழில் செய்கிற எனக்கே, கதை நடக்கிற கடற்கரை ஊரான ஆமந்துறையின் பேச்சு முதலில் பிடிபடவில்லை. அவர்கள் கரைப் பேச்சு வேறு, எங்கள் கரைப் பேச்சு வேறு. அப்புறம் வாய்விட்டுப் படித்தேன், வசப்பட்டுவிட்டது. நடுக்கடலில் மரத்தைப் பிடித்தபடி மிதக்கிற பகுதிகளை மட்டும் இரவில் படிக்காதீர்கள், தூக்கம் வராது. ஆள்பெயர்கள் அதிகம், அது ஒரு குறை. நான் தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நாவலா என்று முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்கு அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' கொடுக்கலாம். உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடுகிற ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்து விநியோகித்த சிறுவனை, பத்திரிகைக்காரரான உங்களுக்கும் பிடிக்கும்.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றி, அங்கே தொழில் செய்தவர்கள் வாய்மொழியாகவே சொன்ன புத்தகம் ஏதும் இருந்தால் வாசகர்கள் எழுதுங்களேன். தடை முடிவதற்குள் தெரிந்தால் நல்லது.

— ஒரு மீனவ வாசகர், பாம்பன்