எதிர்விசை நிலா மேல இல்ல, பூமி மேல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல நிலா ஏன் பூமி மேல விழலன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. கூட இருந்த படத்துல நிலா மேல ரெண்டு அம்புக்குறி, உள்ள பாத்து மையநோக்கு விசை, வெளிய பாத்து மையவிலக்கு விசை, இது ரெண்டும் நியூட்டனோட மூணாவது விதி சொல்ற விசையும் எதிர்விசையும், சமமா இருக்கிறதாலதான் நிலா விழாம சுத்துதுன்னு போட்டிருந்தீங்க. நான் பதினெட்டு வருஷமா பிளஸ் ஒன் பசங்களுக்கு பிசிக்ஸ் ட்யூஷன் எடுக்குறேன், இந்த ஒரு தப்பை அவங்க மனசுல இருந்து எடுக்கவே எனக்கு வருஷாவருஷம் ஒரு வாரம் போயிடுது, அதனாலதான் எழுதுறேன்.

பூமி நிலாவை இழுக்குது, நிலாவும் அதே அளவு பூமியை இழுக்குது, இதுதான் விசை, எதிர்விசை ஜோடி. ஒண்ணு நிலா மேல, இன்னொண்ணு பூமி மேல. ஒரே பொருள் மேல ரெண்டும் வராததால ஒண்ணையொண்ணு கேன்சல் பண்ணாது. நிலா மேல இருந்த இழுப்பு நிஜமாவே கேன்சல் ஆகியிருந்தா அது நேர்கோட்டுல போயிட்டே இருக்கும், சுத்தவே சுத்தாது. நிலா விழாம எல்லாம் இல்லங்க, விழுந்துகிட்டேதான் இருக்கு. ஒரு செகண்டுல பக்கவாட்டுல சுமார் 1 கிலோமீட்டர் போகுது, அதே செகண்டுல பூமியைப் பாத்து 1.4 மில்லிமீட்டர் மாதிரி விழுது, இது ரெண்டும் சேந்துதான் அந்த வட்டம்.

சரி, பூமியையும் அதே அளவு இழுத்தா பூமிக்கு ஒண்ணும் ஆகலையேன்னு பசங்க கேப்பாங்க. ஆகுது. சின்ன வயசுல அக்காவும் தங்கச்சியும் கையைக் கோத்துக்கிட்டு தட்டாமாலை சுத்துவோமே, குட்டி தங்கச்சி பெரிய வட்டம் அடிப்பா, அக்கா சின்னதா ஒரு வட்டம் போடுவா, ஆனா ரெண்டு பேர் கையிலயும் இழுப்பு ஒண்ணுதான். பூமி நிலாவை விட 81 மடங்கு கனம், அதனால பூமியோட மையம் மாசத்துக்கு ஒரு தடவை சுமார் 4,670 கிலோமீட்டர் ஆரத்துல ஒரு வட்டம் அடிக்குது. பூமியோட ஆரம் 6,371 கிலோமீட்டர், அதனால ரெண்டும் எதைச் சுத்துதோ அந்தப் பொது நிறைமையம் பூமிக்குள்ளயே இருக்கு. 1995-ல வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி விண்மீனுக்கு ஒரு கோள் இருக்குன்னு கண்டுபிடிச்சது, அந்தக் கோளை நேர்ல பாத்து இல்ல, அது இழுக்கிற இழுப்புல விண்மீன் ஆடுறதைப் பாத்துதான். எதிர்விசை அந்தக் கோள் மேலயே இருந்திருந்தா விண்மீன் எப்படி ஆடும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அணுதான். எலக்ட்ரான் கோள் மாதிரி ஒரு பாதையில ஓடுறது கிடையாது, ஆனாலும் புரோட்டான் அதை எவ்வளவு இழுக்குதோ அவ்வளவே அதுவும் புரோட்டானை இழுக்குது. புரோட்டான் 1,836 மடங்கு கனம்ங்கறதால லேசாத்தான் அசையும். 1913-ல நீல்ஸ் போர்ங்கற இயற்பியலாளர் ஒரு நிறமாலை வரிசையை (ஒளியைப் பிரிச்சா தெரியுற கோடுகளை) ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் அயனியோடதுன்னு சொன்னப்போ, உங்க கணக்குப்படி கோடுகளோட அதிர்வெண் கணக்குல வர்ற மாறிலி ஹைட்ரஜனோடதை விட சரியா 4 மடங்கு வரணும், அளந்தா 4.0016 வருதேன்னு ஆல்ஃப்ரெட் ஃபௌலர்ங்கற நிறமாலை ஆய்வாளர் மடக்கினார். அணுக்கருவும் அசையுதுன்னு சேத்து போர் திரும்பக் கணக்குப் போட்டாரு, 4.00163 வந்துச்சு. இத்துனூண்டு அசைவு! 1931-ல ஹெரால்ட் யூரேங்கற வேதியியலாளர் கன ஹைட்ரஜனைக் கண்டுபிடிச்சதும் இதே வழியிலதான், கரு ரெண்டு மடங்கு கனமா இருந்தா பாதி அளவுதான் அசையும், அதனால நிறமாலைக் கோடு கொஞ்சம் தள்ளி விழும்னு கணக்குப் போட்டு வச்சிட்டு அங்க தேடினாரு, அங்கயே இருந்துச்சு. 1934-ல அதுக்கு நோபல்.

மையவிலக்கு விசைங்கற பேரே தப்புன்னு நான் சொல்லல. நிலாவோட சேந்து நாமளும் சுத்திக்கிட்டே கணக்குப் போட்டா அது தேவைப்படுற போலி விசை, ஆனா அப்பவும் அது யாரோட எதிர்விசையும் இல்ல, ஏன்னா அதைத் தர்றதுக்குன்னு இன்னொரு பொருள் கிடையாது.

அடுத்த இதழ்ல ஒரு சின்னத் திருத்தம் போடுங்க, அதே படம் போதும், நிலா மேல இருக்கிற வெளிநோக்கின அம்பை அழிச்சிட்டு, அதே நீளத்துல ஒரு அம்பை பூமி மேல நிலாவைப் பாத்து வரைஞ்சிடுங்க. என் பசங்க அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்காங்க, புதுசு வந்ததும் மாத்தி ஒட்டச் சொல்றேன்.

இப்படிக்கு,
ஒரு பிசிக்ஸ் டீச்சர்,
விருதுநகர்