பக்கத்துப் பாறைகளுக்கு அனுமதி கொடுங்கள், எங்கள் பெட்ரோல் செலவு தானாகக் குறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோல் விலை பற்றி உங்கள் நாளிதழில் செய்திகளும் வாசகர் கடிதங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், காய்கறி வண்டிக்காரர்கள், டெலிவரி வேலை பார்க்கும் பிள்ளைகள் படும் பாட்டுக்கு முன்னால் எங்கள் பாடு பெரிதில்லைதான். ஆனாலும் இந்த விலையால் ஒரு விளையாட்டே ஏழைப் பிள்ளைகள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் பாறை ஏறுகிறவர்கள். மலைப்பாதையில் நடந்து போகும் டிரெக்கிங்கோடு இதைச் சேர்த்துவிட வேண்டாம். செங்குத்தான பாறையில் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவோம், இல்லையென்றால் உயரம் குறைந்த உருண்டைப் பாறைகளில், கீழே தடித்த மெத்தையைப் போட்டுவிட்டு கயிறில்லாமல் ஏறுவோம். ஒலிம்பிக்கில் டோக்கியோ போட்டியிலிருந்து இந்த விளையாட்டு இருக்கிறது. ஊருக்குள் பிளாஸ்டிக் பிடிகள் பொருத்திய சுவரில் வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்கலாம், ஆனால் சுவரில் அடுத்த பிடி எங்கே என்று கலரே சொல்லிவிடும், பாறையில் அது கிடையாது, விரலால் தடவித் தடவி நாமே கண்டுபிடிக்க வேண்டும். பாறைக்குப் போகாதவன் ஒரு கட்டத்துக்கு மேல் வளரவே மாட்டான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். சென்னையிலிருந்து, கர்நாடகத்தில் உருண்டைப் பாறைகள் நிறைந்த ஹம்பிக்குச் சாலை வழியாகச் சுமார் 600 கிலோமீட்டர், போக வர 1,200. லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் 80 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது பெட்ரோலுக்கு மட்டும் 8,000 தாண்டிவிடுகிறது, சுங்கச்சாவடிப் பணம் தனி. மெத்தைகளையும் கயிற்றுப் பைகளையும் ஏற்றிய காரில் நான்கு பேருக்கு மேல் உட்கார முடியாது, ஆக நான்கு பேரும் பங்கு போட்டால்கூட ஆளுக்கு 2,000க்கு மேல் பாறையைத் தொடுவதற்கு முன்பே போய்விடும். அப்புறம் தங்கும் செலவு. முன்பு துங்கபத்திரை ஆற்றின் மறுகரையில் விருபாபுர கட்டே என்ற இடத்தில், பாறைகளுக்கு நடந்தே போகும் தூரத்தில் மலிவான விடுதிகள் இருந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020ல் அவற்றை இடித்துவிட்டார்கள். உலகப் பாரம்பரியச் சின்னத்தைக் காக்கச் செய்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது சானாப்பூர், ஆனேகுந்தி பக்கம் தங்கிவிட்டு, பல பாறைகளுக்கு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அதற்கும் பெட்ரோல். அதே கர்நாடகத்தில், சிவந்த மணற்பாறையில் கயிறு மாட்டுவதற்கு போல்ட் அடித்த ஏறுவழிகள் வரிசையாக இருக்கும் பாதாமி இன்னும் தூரம். போதாததற்கு, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெட்ரோலைவிட எத்தனாலில் எரிசக்தி குறைவு, அது எங்காவது தெரியத்தானே செய்யும்.

நம் ஏலகிரிக்கே போனாலும் போக வர 460 கிலோமீட்டர் ஆகும், பெட்ரோல் 3,000 ரூபாய்க்கு மேல், வழியில் ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, பள்ளிகொண்டா என்று மூன்று சுங்கச்சாவடிகள்.

இந்தச் செலவில் முதலில் நின்றுபோவது யார் தெரியுமா? ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது வந்துவிடுகிறார்கள். எங்கள் குழுவில் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இருக்கிறான். ஏறும் ஷூவில் பெருவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது, புது ஷூ வாங்கக் கட்டுப்படியாகாது என்று பெரம்பூரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வேறு ரப்பரை அளவாக வெட்டி ஒட்டி வாங்கிக்கொண்டான். அந்த ஷூவோடு, நாங்கள் எல்லோரும் வழுக்கி விழுந்த பாறையில் ஏறி உச்சியில் போய் உட்கார்ந்தவன். அவன்தான் வாட்ஸ்அப்பில் "இந்த வாட்டி நீங்க போயிட்டு வாங்கண்ணா" என்று போடுகிறான். காரணம் சொல்ல மாட்டான், நாங்களும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். நன்றாக ஏறுகிறவன் வீட்டில் இருக்க, கார் வைத்திருப்பவன் மட்டும் பாறைக்குப் போனால் இந்த விளையாட்டு உருப்படாது.

எங்களால் ஆனதைச் செய்யாமல் இல்லை. கிளம்பும்போது டேங்கை முழுதாக நிரப்புவோம், ஊர் திரும்பியதும் மறுபடி நிரப்புவோம், வழியில் போட்ட பில்லோடு அந்தக் கடைசி பில்லையும் கூட்டினால் அதுதான் பயணத்தின் நிஜமான செலவு, குத்துமதிப்பே வேண்டாம். வண்டி கொடுப்பவரை அந்தப் பங்கில் சேர்க்க மாட்டோம், ஏனென்றால் டயர் தேய்வதும் சர்வீஸ் செலவும் அவர் தலையில்தான் விழுகிறது. படிக்கும் பிள்ளைகளுக்குப் பாதிப் பங்கு. இதையெல்லாம் புறப்படும் முன்பே பேசிவிட வேண்டும், திரும்பி வந்து ஜிபேயில் கேட்கும்போதுதான் மனஸ்தாபம் வருகிறது. மெத்தைகளைக் கூரைமேல் கட்டினால் காற்று எதிர்த்து மைலேஜ் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும், உள்ளேயே திணித்துக்கொள்வது நல்லது. நூறில் பறக்காமல் எண்பதில் போனாலும் மிச்சம் உண்டு. மாதாமாதம் இரண்டு நாள் ஓடிப்போய் வருவதற்குப் பதில், நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில், கை வியர்க்காமல் பாறை நன்றாகப் பிடி கொடுக்கும் குளிர்காலத்தில், ஒரேயடியாக ஒரு வாரம் தங்கி ஏறிவிட்டு வருவது எவ்வளவோ மேல். ஆனால் தினக்கூலிக்காரனுக்கு ஒரு வாரம் லீவு யார் தருவார்கள்?

பைக்கில் போகச் சொல்லாதீர்கள். செலவு குறைவுதான், சுங்கச்சாவடியும் கிடையாது. ஆனால் பின்னால் உட்கார்ந்தவன் முதுகில் மெத்தை இருந்தால், நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்து போகும்போது அது பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க உயிரைப் பணயம் வைக்க முடியாது, எங்கள் குழுவில் மெத்தையோடு பைக்கில் வர யாரையும் விடுவதில்லை.

அப்படியென்றால் ரயில். ஹம்பிக்குப் போக குண்டக்கல் வரை ஒரு வண்டி, அங்கிருந்து ஹொசப்பேட்டைக்கு வேறொரு வண்டி, ஸ்லீப்பரில் போனால் கார் செலவில் பாதிகூட ஆகாது. பெங்களூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் வசதி, ஹம்பி எக்ஸ்பிரஸ் ராத்திரியில் ஏற்றி ஹொசப்பேட்டையில் இறக்கிவிடும், கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் பாதாமியிலேயே நிற்கும். ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை சாதாரண டிக்கெட் நூறு ரூபாயைச் சுற்றித்தான். இவ்வளவு இருந்தும் ஏன் எல்லோரும் காரில் போகிறார்கள் என்றால், இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறோம்.

முதலாவது மெத்தை. ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டி படுக்கைக்கு 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரம் என்று ரயில்வே ஓர் அளவு வைத்திருக்கிறது. எங்கள் மெத்தையை மடித்தால் நீளம் 100, அகலம் 65. எடை ஐந்தாறு கிலோதான், ஸ்லீப்பரில் ஒருவருக்கு இலவசமாக 40 கிலோ வரை உண்டு, அந்தப் பக்கம் பிரச்சினையே இல்லை. இந்த ஐந்து சென்டிமீட்டருக்காக ஒரு டிக்கெட் பரிசோதகர் சிரித்துவிட்டுப் போவார், இன்னொருவர் பார்சல் வேனில் போடச் சொல்லி நடைமேடையில் நிற்க வைப்பார். ஒவ்வொரு முறையும் எதிரே வருகிறவர் மனசைப் பொறுத்துப் பயணம் என்றால் யார் நம்பிக் கிளம்புவார்கள்? கிரிக்கெட் கிட்டுக்கும் கேரம் போர்டுக்கும் காட்டும் இரக்கத்தை எங்கள் மெத்தைக்கும் காட்டி, விளையாட்டுச் சாமான் என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், ரயில்வேக்கு ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது கடைசி பதினைந்து இருபது கிலோமீட்டர். ஜோலார்பேட்டையில் இறங்கினால் ஏலகிரி கண்ணுக்கு எதிரே நிற்கிறது, ஆனால் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகும் பேருந்து அடிக்கடி கிடையாது. காத்திருந்து நேரம் போவதைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தால் ரயிலில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். பேருந்து வந்தாலும் மெத்தையைப் பார்த்ததும் நடத்துநர் "இதுக்கு எங்கப்பா இடம்" என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கூடையும் மூட்டையுமாக உள்ளூர் ஜனங்கள் ஏற்கெனவே நிற்கிறார்கள். சனி, ஞாயிறு காலையில் ரயில் வரும் நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு பேருந்து கூடுதலாக விட்டால் எங்களுக்கு மட்டுமில்லை, அந்த மலையில் இருக்கிறவர்களுக்கும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் உதவும்.

இதையெல்லாம்விட முக்கியமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். நாங்கள் ஏன் 600 கிலோமீட்டர் போகிறோம்? தமிழ்நாட்டில் பாறை இல்லையா? வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று எந்தப் பக்கம் பேருந்தில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்றுதான். சென்னையை ஒட்டிய பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கு சார்னோகைட் என்று உலகப் புவியியலிலேயே தனி இடம் உண்டு, பல்லாவரத்தில் அது தேசியப் புவியியல் சின்னமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. பாறை இருக்கிறது, அனுமதிதான் இல்லை. ஒரு குன்று வனத்துறையிடம், பக்கத்துக் குன்று வருவாய்த்துறையிடம், அதற்கடுத்தது கோயில் நிலம், இன்னொன்று குவாரிக் குத்தகை. யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது, கேட்டால் இவரைப் பாருங்கள் அவரைப் பாருங்கள் என்று அலைய வைப்பார்கள், கேட்காமல் ஏறினால் வழக்கு வரும். அதனால்தான் ஏறலாம் என்று ஏற்கெனவே தெரிந்த ஹம்பிக்கும் பாதாமிக்கும் எண்பது லிட்டரை எரித்துக்கொண்டு ஓடுகிறோம்.

டிரெக்கிங்குக்கு இதே அரசு வழி கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் பலர் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகின. ஆனால் கதவை அடைத்ததோடு விட்டுவிடாமல், 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆன்லைனில் பதிவு, கட்டணம், அந்தந்தப் பகுதி ஆட்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைப்பது என்று முறைப்படுத்தினார்கள். அதே மாதிரி பாறைக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. நாற்பது வேண்டாம், முதலில் நாலைந்து பாறைகள் போதும். அவற்றில் ஒன்றாவது செங்கல்பட்டு மின்சார ரயிலில் இறங்கிப் போகும் தூரத்தில் இருக்கட்டும், அந்த ரயிலுக்கு டிக்கெட் இருபது ரூபாய்க்குள்தான். உதிரிபாகக் கடைத் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஏறிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவான், யாரிடமும் பங்குப் பணம் பேச வேண்டியதில்லை.

எந்தப் பாறையிலும் ஏறலாம் என்று நான் கேட்கவில்லை. சமணப் படுகையும் தமிழி கல்வெட்டும் இருக்கும் குன்று, சாமி இருக்கும் குன்று, தொல்லியல் துறை காக்கும் கோட்டை, இவற்றின் பக்கமே யாரும் போகக் கூடாது, பட்டியலில் முதல் வேலையாக அவற்றை நீக்கிவிட வேண்டும். கழுகு கூடு கட்டும் முகடும் மலைத்தேன் கூடு தொங்கும் இடமும் அப்படித்தான். பெங்களூரை ஒட்டிய ராமநகரத்தில் பிணந்தின்னிக் கழுகுகளுக்காக 2012ல் சரணாலயம் அறிவித்தார்கள், அது சரியான காரியம். எங்கே கூடாது என்று தெளிவாக எழுதி வைத்துவிட்டால், எங்கே ஏறலாம் என்பதும் தெளிவாகிவிடும். கட்டணம் வாங்கட்டும், முதலுதவி தெரிந்த ஆள் கூட வர வேண்டும் என்று சொல்லட்டும், கைக்குப் பூசும் சாக்பவுடர் தடத்தைப் போகும்போது பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போ என்று விதி போடட்டும், எல்லாவற்றுக்கும் சம்மதம்.

பெட்ரோல் மீதான வரியை மத்திய அரசும் மாநில அரசும் குறைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் அதை ஆமோதிக்கிறேன். 2022 மே மாதம் மத்திய அரசு கலால் வரியைக் குறைத்தபோது லிட்டருக்கு எட்டு ரூபாய் ஒரே நாளில் இறங்கியது, மனம் வைத்தால் நடக்கும். ஆனால் லிட்டர் விலை எட்டு ரூபாய் இறங்கினால் ஹம்பிப் பயணத்தில், நான்கு பேரும் பங்கு போட்டால், ஆளுக்கு 160 ரூபாய் மிஞ்சும், அவ்வளவுதான், பக்கத்திலேயே ஒரு பாறை திறந்தால் மிஞ்சுவது மொத்தப் பணமும். அதனால் நான் முதலில் கேட்பது பாறையை.

வனத்துறை, சுற்றுலாத்துறை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மூன்றும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் முடிகிற வேலை இது. எந்தப் பாறை உறுதியாக இருக்கிறது, எங்கே கல் பெயர்கிறது, எது பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று நேரில் பார்த்துச் சொல்ல எங்களைப் போன்ற குழுக்களில் ஆள் இருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம். எந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் கயிறோடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
பாறை ஏறும் வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை