தாம்பரத்தின் எல்லை வரலாற்றைத் தொகுக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

பல்லாவரத்தில் 1950-களில் மனை வாங்கிய குடும்பம் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா என்றிருக்கும். பிறகு அதே வீடு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது; 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனது; 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டுக்கே வந்தது. 2021 நவம்பரில் பல்லாவரம் நகராட்சியும் இல்லாமல் போய், தாம்பரம் மாநகராட்சி என்று வரி ரசீது வரத் தொடங்கியது. அவர்கள் வீடு மாறவே இல்லை.

இந்த மாற்றங்களை ஒரே இடத்தில் காட்டும் வரைபடத் தொகுப்பையும், கூடவே ஒரு நூலையும் கொண்டுவர முயல்கிறோம். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்துதான் தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகள். அதற்கு முன் இவை தனித்தனிக் கிராமங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஏரி, தனிக் கணக்கு. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டுச் சீமையை அளந்தபோது, ஊர்க்கணக்குகளைத் தமிழில் ஓலையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் கிராமங்களைப் புறநகராக்கியது அரசாணை அல்ல, ரயில். 1931-ல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே வந்தது. தாம்பரம் நகராட்சியானது 1964-ல்தான். ஊர் முதலில் வளர்ந்துவிடுகிறது, எல்லைக்கோடு பின்னால் ஓடி வருகிறது என்பதுதான் எங்கள் வாதம். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூர் உள்ளே போனது, அடுத்திருக்கும் பல்லாவரம் வெளியே நின்றது. சாலை ஒன்று, ரயில் ஒன்று, கோடு மட்டும் நடுவில். ஏன் அங்கே நின்றது என்பது இன்றும் டீக்கடை வாதம்தான். நூலில் அதற்குத் தனி அத்தியாயமே உண்டு.

ஆதாரங்களில் பாதி வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது. எங்களுக்கு வந்த ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை இப்படி இருக்கிறது: வடக்கே ஏரி வாய்க்கால், கிழக்கே பனைமர வரிசை. வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் ரோடு. பனை ஒன்றுகூட இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது இப்படிப்பட்ட காகிதம் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகிறது. அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

மொத்தச் செலவு ரூ.2,80,000 என்று கணக்கிட்டிருக்கிறோம். பெரும்பகுதி அச்சுக்கும், பழைய கிராம வரைபடங்களின் நகல் எடுத்து அவற்றை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தும் வேலைக்கும் போகும். எழுதுபவர்களுக்கும் அலைபவர்களுக்கும் சம்பளம் கிடையாது. விழா, சால்வை, ஃபிளெக்ஸ் எதற்கும் ஒரு ரூபாய்கூட எடுக்க மாட்டோம். அச்சான நூல் முதலில் வட்டாரப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் இலவசமாகப் போகும், மிச்சம்தான் விற்பனைக்கு.

ரூ.200 தந்தாலும் சந்தோஷம். ரூ.2,000-க்கு மேல் தருபவர்களுக்கு நூலின் ஒரு பிரதி வீடு தேடி வரும். உங்கள் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் ரசீதிலேயே அப்படிக் குறிக்கச் சொல்லுங்கள்.

பணம் தர முடியாதவர்கள் பழைய பத்திரம், வீட்டுவரி ரசீது, மனைப்பிரிவு வரைபடம், தெருவின் பழைய புகைப்படம் எது இருந்தாலும் காட்டுங்கள். உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண்முன்னே ஸ்கேன் செய்துகொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவோம். பெயர், சர்வே எண் போன்றவற்றை மறைத்த பிறகே அச்சேற்றுவோம். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களோடு ஒரு மணி நேரம் பேச அனுமதி கொடுங்கள். அதை நாங்கள் பெரிய நன்கொடையாகவே வரவு வைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழுவினர் இருவர் இருவராக, எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்துடன் தெருத் தெருவாக வருவார்கள். ரசீது தராத எவரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்படும். நன்கொடை தந்தவர், தராதவர் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம்.

இப்படிக்கு,
வரலாற்றுத் தொகுப்புக் குழுவினர்