பிச்சாவரத்து இலையும் ரெக்கார்டு நோட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரிகளில் உயிரியல் பாடத்திட்டத்தை மாற்றுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்றே கட்டுரை முழுக்கப் பேசுகிறது. 26 வருடம் தாவரவியல் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன், பாடப்பட்டியல் மாறினால் மட்டும் போதாது. துறைகள் சேர்ந்து உட்கார வேண்டும். பிள்ளைகளுக்கு என்ன புரிந்தது என்று நிஜமாகவே பார்க்க வேண்டும்.

ஒரு முறை மூன்றாம் ஆண்டு மாணவிகளைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். உப்புச் சேற்றில் வளரும் அலையாத்தி மரமான அவிசீனியாவின் இலைக் குறுக்குவெட்டை ரெக்கார்டில் அழகாக வரைந்து, உப்புச் சுரப்பிக்குக் கோடு இழுத்துப் பெயரும் எழுதி முழு மார்க் வாங்கிய பெண், அதே மரத்தடியில் நின்று, "மேடம், இது என்ன மரம்?" என்றாள். ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைக்கச் சொன்னேன். "உப்புக் கரிக்குது மேடம்!" என்று கத்தியே விட்டாள். (பக்கத்திலேயே தில்லை மரமும் நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. மரம் தெரியாமல் அங்கே யாரும் இலையைப் பறிக்க வேண்டாம்.) அவள் ரெக்கார்டில் இருந்த படம் சீனியரின் நோட்டைப் பார்த்து வரைந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்துக்கு மார்க் போட்டது நான்தான்.

அந்த இலையைக் கழுவிய தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று கண்டுபிடிக்க சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனை) போதும். எங்கள் பிள்ளைகள் துணைப்பாடமான அலைடு கெமிஸ்ட்ரியில் வருடம் முழுக்க அதற்கான ப்யூரெட் குழாயைப் பிடிக்கிறார்கள். ஆனால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த கரைசலைத்தான் அளக்கிறார்கள். வேதியியல் துறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. விலங்கியல் துறை வேறொரு நாள், வேறொரு பஸ்ஸில் போய், அதே சேற்றில் நண்டு பார்த்துவிட்டு வரும்.

அமெரிக்காவில் 2011-ல் வெளியான 'விஷன் அண்ட் சேஞ்ச்' அறிக்கை, இளநிலை உயிரியலை பரிணாமம், ஆற்றல் மாற்றம் போன்ற ஐந்து அடிப்படைக் கருத்துகளைச் சுற்றி நடத்தச் சொன்னது. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருத்துகளில் எதுவும் ஒரு துறைக்குள் மட்டும் அடங்குவதில்லை.

அப்புறம் தேர்வு. 'அலையாத்தித் தாவரங்களின் சிறப்புப் பண்புகள் யாவை?' என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். 'கடல் தண்ணீர் ஊற்றினால் வீட்டு வெண்டைச்செடி வாடிவிடுகிறது, அவிசீனியா ஏன் வாடவில்லை?' என்று முதலாண்டின் முதல் வாரத்தில் கேளுங்கள். மார்க் வேண்டாம். அதே கேள்வியைக் கடைசி செமஸ்டரிலும் கேட்டு, இரண்டு விடைகளையும் எல்லாத் துறை ஆசிரியர்களும் சேர்ந்து படிக்கட்டும். உப்பில் பெரும்பங்கை வேரே தடுத்துவிடுகிறது. மீறி உள்ளே வருவதைத்தான் இலை வெளியே தள்ளுகிறது. இதில் எந்தப் பாதி பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று அப்போது தெரிந்துவிடும். அந்தப் பாதியை யார் நடத்துவது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம்.

இதற்குப் புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகமதிப்பீட்டு மார்க் 25-ம் கல்லூரியின் கையில்தான் இருக்கிறது. சில்வர் நைட்ரேட் வேதியியல் துறை அலமாரியில் இருக்கிறது. கடலூர்க் கல்லூரிகள் அடுத்த செமஸ்டரில் தாவரவியல், விலங்கியல் என இரண்டு துறைப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் பிச்சாவரம் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்