சிலையாக நிற்பவரைப் பற்றி அம்முவுக்கு

அன்புள்ள அம்முவுக்கு,

கிளீவ்லாந்து மைதானத்துக்கு வெளியே பந்து எறியப் போகிற மாதிரி நிற்கிற வெண்கலச் சிலை முன்னால் நின்று ஒரு படம் அனுப்பினாயே, யார் இந்த மனிதர் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். பாப் ஃபெல்லர், பேஸ்பாலில் பந்து எறிபவர். ஒரு வாரமாக அவர் நினைப்பாகவே இருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயக் குடும்பம். மகன் விளையாடட்டும் என்று அப்பா தன் நிலத்திலேயே மைதானம் போட்டிருக்கிறார், கொட்டகைக்குள் மகன் எறிய எறிய அவரே நின்று பிடித்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன். பையன் 17 வயதில் கிளீவ்லாந்து அணிக்கு வந்து, 23 வயதுக்குள் 107 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டான்.

1941 டிசம்பர் 7, ஒப்பந்தம் பேச சிகாகோவுக்குக் காரில் போகும்போது ரேடியோவில், பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கிய செய்தி. இரண்டே நாளில் கடற்படையில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு மூளையில் புற்றுநோய், குடும்பம் இவர் சம்பளத்தில்தான் ஓடியது, அதனால் போகாமலே இருந்திருக்கலாம். போனார். அலபாமா போர்க்கப்பலில் விமானங்களைச் சுடும் பீரங்கிக் குழுவுக்குத் தலைவர். 1943 ஜனவரியில் அப்பா இறந்துவிட்டார்.

அம்மா படுத்துவிட்டபோது நீ வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று வருடம் இங்கே இருந்தாய். போன வாரம் போனில், "கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்கப்பா" என்றாய், எனக்கு அப்போது பதில் வரவில்லை.

ஃபெல்லர் 1945 ஆகஸ்ட் 24-இல் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டத்தில், டெட்ராய்டுக்கு எதிராக, 12 ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க வந்தவரைத் தன் எறியாலேயே வெளியேற்றுவது), 4-2 வெற்றி. அடுத்த வருடம் 348 ஸ்ட்ரைக் அவுட்! கப்பலின் மேல்தளத்தில் ஓடியும் பந்தைப் போட்டுப் பிடித்தும் கையைப் பழக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார். ஆனால் போரில் கழிந்த ஏறக்குறைய நான்கு சீசன் போனதுதான் அம்மு, கடைசியில் 266 வெற்றியோடு நின்றது, பந்து எறிபவர்களுக்குப் பெரிய மைல்கல்லான 300-ஐத் தொடவில்லை. அதனால் உனக்கும் ஒன்றும் போகவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நீ விட்டது பெரிது, அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது, ராத்திரி நீ தூங்கிய பிறகு அதையேதான் சொல்லிக்கொண்டு படுத்திருப்பாள்.

சரி, அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் சிலையின் வலது கையைக் கிட்டே போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அப்பா