அந்த டிராக்டர் 1952 மாடல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. செக்கச்செவேலென்று பெயின்ட் அடித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து நிற்கிற ஒரு டிராக்டர். "1952-ம் ஆண்டு மாஸி பெர்குசன் மீண்டும் உயிர் பெற்றது" என்று கீழே எழுதியிருந்தீர்கள். வேலை சுத்தமாக இருந்தது. படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆண்டு என்னைத் தூங்கவிடவில்லை.

நான் 1972-ல், 14 வயதில், வடசேரியில் ஒரு பட்டறையில் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கிற பையனாகச் சேர்ந்தவன். இப்போது பூதப்பாண்டி ரோட்டில் சொந்தப் பட்டறை. மகன் பார்த்துக்கொள்கிறான், நான் நாற்காலியில் இருந்து குறை சொல்கிறேன். அந்தப் பழக்கத்தில் எழுதுவதாகவே இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயரே இடிக்கிறது. ஹாரி பெர்குசனின் கம்பெனியும் கனடாவின் மாஸி ஹாரிஸ் கம்பெனியும் ஒன்றானது 1953-ல். சேர்ந்த பிறகு மாஸி ஹாரிஸ் பெர்குசன் என்று மூன்று பெயரையும் சுமந்துகொண்டு திரிந்தார்கள். நடுவில் இருந்த ஹாரிஸை இறக்கிவிட்டது 1958-ல். 1952-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்து வந்துகொண்டிருந்தது பெர்குசன் டி.இ.20, தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். படத்தில் இருப்பது '35' என்கிற மாடல். அது பிறந்ததே 1956-ல். அதுவும் முதலில் சாம்பல் பானெட்டோடுதான் வந்தது. சிவப்பு வந்தது 1957 கடைசியில். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டீசல் பம்ப்பில் இருந்து இன்ஜெக்டருக்குப் போகிற குழாய் மூன்று, சிலிண்டருக்கு ஒன்று. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இன்ஜின் 35-க்கு வந்தது 1959 வாக்கில். அதற்கு முன்னால் இருந்த டீசல் நான்கு சிலிண்டர். குளிர்காலத்தில் கிளம்பாமல் உயிரை வாங்கும் என்று அந்த ஊர்க்காரர்களே திட்டிய இன்ஜின் அது.

"நேரில் பாக்காம பேசாதீங்கப்பா" என்றான் மகன். சரி என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோவாளைப் பக்கம் அந்த ஊருக்கே போனேன். நல்ல மனிதர்கள். கட்டன் சாயாவும் மட்டிப்பழமும் தந்தார்கள். வண்டியைப் புதுப்பித்தவன் அந்த வீட்டுப் பேரன், துபாயில் வேலை. லீவுக்கு வந்த 40 நாளையும் இதிலேயே செலவழித்திருக்கிறான்.

"தாத்தாவுக்க வண்டியாக்கும் அண்ணாச்சி. 1952-ன்னு இரும்பிலயே போட்டிருக்கு, வாங்க காட்டுதேன்" என்றான்.

கியர்பாக்ஸ் கூட்டின் பக்கவாட்டில் காட்டினான். உண்மைதான், வார்ப்பிலேயே புடைத்த எழுத்தில் 1952 தெரிந்தது. அதற்கு அடுத்து பெயின்டர் பூசிய பட்டி. அவனிடம் கேட்டுக்கொண்டு உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன். பட்டிக்குள்ளிருந்து இன்னும் இரண்டு இலக்கம் வந்தது. அதற்குப் பின்னால் 'எம்1'. மாஸி கம்பெனியின் உதிரிபாக எண்கள் அப்படித்தான் முடியும். அது வருஷம் இல்லை, அந்தக் கூட்டின் பார்ட் நம்பர். முதல் நாலு இலக்கம் தற்செயலாக அப்படி அமைந்துபோயிற்று.

பையன் விடவில்லை. இன்ஜின் நம்பரும் 152 என்றுதானே தொடங்குகிறது, 52 இருக்கிறதே என்றான். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அந்த இன்ஜினுக்குப் பெயரே 3.152. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். நம்ம கணக்கில் இரண்டரை லிட்டர். அறுபது வருஷம் கழித்து ஒருவன் அதில் வருஷத்தைத் தேடுவான் என்று வைத்தவன் நினைத்திருக்க மாட்டான்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம்ம பக்கத்தில் நாஞ்சில் நாட்டு வீடுகளின் தொழுவத்திலும் சூளை ஓரத்திலும் இப்படி எத்தனையோ வண்டி துருப்பிடித்துக் கிடக்கிறது. வெளிநாட்டுச் சம்பளம் வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறார்கள்.

வெட்டி அடித்த எண்ணைப் பார்க்க இருட்டு வேண்டும். சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டு, பித்தளை பிரஷ்ஷால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸை எண்ணின் மேல் நன்றாகத் தேய்த்து, மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் இரும்போடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எண்ணும் நிழல் விழுந்து எழுந்திருக்கும். கடைசியில் காகிதத்தை வைத்து மேலே பென்சில் ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும், பள்ளிக்கூடத்தில் நாலணாவை வைத்து ஓட்டுவோமே, அதே மாதிரி.

டைனமோவின் உடம்பில் அதைச் செய்த லூக்காஸ் கம்பெனிக்காரன் மாதமும் வருஷமும் அடித்திருப்பான். அங்கே '11 63' இருந்தது. டைனமோவை யாரும் மாற்றியிருக்கலாம், அது மட்டும் என்றால் நம்பமாட்டேன். செல்ஃப் மோட்டாரைத் திருப்பிப் பார்த்தோம், '10 63'. ஒரே சீசனில் செய்த இரண்டு சாமான் ஒரே வண்டியில் இருக்கிறது என்றால், இரண்டும் அந்த வண்டியோடு பிறந்தவை என்று ஓரளவு நம்பலாம். இதுவே 'லூக்காஸ் டி.வி.எஸ்.' என்று இருந்தால் 1961-க்கு முந்தி போகவே முடியாது, சென்னை பாடியில் அந்தக் கம்பெனி தொடங்கியதே அப்போதுதான். டீசல் பம்ப்பில் 'மைக்கோ' தகடு இருந்தாலும் அப்படி ஒரு கணக்கு உண்டு, அந்தப் பெங்களூர்க் கம்பெனி தொடங்கியது 1951-ல்.

டேங்க்கைக் கழற்றியபோது அடியில் பழைய பெயின்ட் அப்படியே இருந்தது. சாம்பல் அடுக்கு இல்லை, சிவப்புதான் முதல் அடுக்கு. டூல் பாக்ஸுக்கு உள்ளேயும் அப்படித்தான். நல்லவேளை, பெயின்டருக்குக் கை எட்டாத இடம்.

சீரியல் நம்பர் தகடு பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் தகடு இரண்டு ரிவெட்டில் அசையாமல் இருந்தது. திருகு போட்டோ, பாப் ரிவெட் அடித்தோ தகடு இருந்தால் நான் முதலில் தகட்டைத்தான் சந்தேகப்படுவேன். ஆக்கர் கடையில் (பழைய இரும்புக்கடையில்) தகடு மட்டும் தனியாகக் கிடைக்கும், புதிதாக அடித்துக் கொடுக்கவும் ஆள் உண்டு. அதேபோல் இணையத்தில் கிடைக்கிற சீரியல் எண் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. அது கோவென்ட்ரி வண்டிகளின் அட்டவணை. அங்கே 35-ஐ 1964-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே 1960-ல் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனி அதே வண்டியைச் சென்னையில் வைத்து, 1035 என்று பெயர் மாறிய பிறகும், விடாமல் ஓட்டிக்கொண்டே வந்தது. முகம் ஒன்று, வயது வேறு. ஃபோர்டு 3000 வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், தேதியையே அடித்துக் கொடுத்திருக்கிறான். '9டி14' என்றால் 1969 ஏப்ரல் 14. மாதத்துக்கு ஓர் எழுத்து, 'ஐ' மட்டும் கிடையாது. முதல் இலக்கம் 5 என்றால்தான் 1965-ஆ 1975-ஆ என்று கொஞ்சம் மண்டையைப் பிய்க்க வேண்டும்.

ஆர்.சி. புக்கையும் கொண்டுவந்தான். 'தமிழ்நாடு' என்று இருந்தது. நம்ம மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது 1969-ல், ஆக அது பின்னால் எடுத்த நகல். முதல் பதிவு 1965 என்று போட்டிருந்தது. நான் அவனிடம் கேட்டேன், "மக்கா, 1952-ல தாத்தா இந்த ஊர்ல வண்டி வாங்கியிருந்தா தாள் எந்த அரசாங்கத்துக்க தாளா இருக்கணும்?" முழித்தான். 1956 நவம்பர் 1-ம் தேதி வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி இல்லையா? அந்த அரசின் முத்திரை போட்ட ஒரு துண்டுக் காகிதமாவது வீட்டில் இருக்கணும். இல்லை.

கடைசியில் இதையெல்லாம் வாசலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் கேட்டோம். அதுவரை அவரிடம் யாருமே கேட்கவில்லை. "மூத்தவளுக்க கல்யாணத்துக்கு முந்தின கும்பப்பூ அறுப்புக்கு வண்டி வந்துட்டுல்லா. கல்யாணச் சாமான் முழுக்க அதுலதான் ஏத்திட்டு வந்தோம்" என்றார். கல்யாணப் பத்திரிகை பெட்டியில் இருந்தது. கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) 1140, மேட மாதம், அதாவது நம்ம சித்திரை வாக்கில். கும்பப்பூ நெல் அறுப்பு கும்ப மாதத்தில், மாசி வாக்கில். 1140 கும்பம் என்றால் 1965 பிப்ரவரி, மார்ச். ஆர்.சி.யும் பாட்டியும் டைனமோவும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். 1963 கடைசிக்கும் 1965 தொடக்கத்துக்கும் நடுவில் செய்த வண்டி. 13 வருஷம் கூட்டிச் சொல்லாமலே அது அறுபது தாண்டிய வண்டிதான்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா என்று கேட்பீர்கள். 1996-ல் என் கைக்கு ஒரு வண்டி வந்தது. கடலோரத்து ஊர், உப்புக்காற்றில் அரித்துப்போன வண்டி. பளபளவென்று கொடுக்க வேண்டும் என்ற வெறியில் கிரைண்டரில் எமரி வீலைப் போட்டு இரும்பு முழுவதையும் ஓட்டினேன். துருவோடு நம்பரில் பாதியும் போனது. எனக்கு அது தெரியவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து வண்டியின் சொந்தக்காரர் அதை வள்ளியூர்க்காரர் ஒருவருக்கு விற்கப் போனபோது புக்கில் உள்ள எண்ணுக்கும் வண்டியில் உள்ள எண்ணுக்கும் பொருந்தவில்லை, திருட்டு வண்டியா என்று கேட்டுவிட்டார்கள். எத்தனை நடை நடந்தார் என்று எனக்குத் தெரியும், பாதி நடை நானும் கூட நடந்தேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து என் பட்டறையில், கேஜ் வீல் (சேற்று வயலுக்கான இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றில் உழைத்த வண்டி எவ்வளவு துருவோடு வந்தாலும், சாக்பீஸும் போட்டோவும் முடியாமல் கிரைண்டர் பிளக்கில் ஏறாது.

இன்னொரு ஆதங்கம். 2021-ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு விண்டேஜ் பதிவு கொடுக்க விதி கொண்டுவந்தது. அந்த விதியில் டிராக்டர் இல்லை. மரமடி (பரம்பு) அடித்த மாடுகளுக்குப் பதிலாகப் பேச்சிப்பாறைத் தண்ணீர் பாய்ந்த வயலில் இறங்கிய முதல் தலைமுறை இயந்திரம் இது. ராஜா ஏறிய காருக்கு இருக்கிற மரியாதை இதற்கும் கிடைத்தால் என்ன? கிடைக்கிற அன்றைக்கு, வயதைச் சரியாகச் சொல்கிற வண்டிதான் அதிகாரி முன்னால் நிற்க முடியும். அதற்காகவாவது இப்போதே எண்களைப் பத்திரப்படுத்துங்கள் என்று உங்கள் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் நிருபர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, வீட்டார் சொன்னதை எழுதினார். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் போட்டுவிடுங்கள். பையன் புதன்கிழமை விமானம் ஏறுகிறான், அதற்குள் வந்தால் நன்றாக இருக்கும். டைனமோ எண்ணின் போட்டோவும், இன்ஜின் எண்ணைப் பென்சில் ஓட்டி எடுத்த காகிதமும் இதோடு வைத்திருக்கிறேன். போட்டோவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை மட்டும் மடிக்காமல் திருப்பி அனுப்புங்கள், அதை ஆர்.சி. புக்கோடு சேர்த்து வைக்கப் பாட்டி கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பழைய வாசகன், பட்டறைக்காரன்,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.